மாலதி கேட்ட ஊர்

கார்த்தி,

அம்மா எழுதுகிறேன். ஹார்பினிலேயே வேலை கிடைத்துவிட்டது, இப்போதைக்கு ஊருக்கு வருவதாக இல்லை என்று நீ அனுப்பிய செய்தியை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜையில் ஆள் இருந்ததால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஃபைலைப் பிரித்துக்கொண்டேன். சாயங்காலம் உன் அப்பா, என்ன பதில் போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாடியில் உனக்கென்று ஓர் அறை கட்ட அவர் கம்பி வாங்கிப் போட்டிருப்பது உனக்குத் தெரியாது. கிளினிக் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். அந்தக் கம்பி மழையில் நனைந்து துருவேறிக் கிடக்கிறது. அதற்காக நீ வர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. போனில் நாம் பேசுவது உனக்கே தெரியும். சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி, அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, அவ்வளவுதான். அதற்குள் உனக்கு வேறு ஏதாவது வேலை வந்துவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். மெதுவாகப் படி. ஆனால் பாதியில் வைத்துவிடாதே.

அந்த ஊரின் பெயரை நம் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் சுபோதான். உங்கள் இருவருக்கும் மெயின்லேண்டில் மருத்துவ சீட் கிடைக்காது என்று தெரிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாலிகஞ்ச் முனையில் இருக்கும் தன் அம்மா மாலதியின் தையல்கடையிலிருந்து ஓடி வந்தான். கையில் ஏஜென்ட் கொடுத்த வண்ணக் காகிதம். நீ போனில் வரைபடத்தைத் திறந்து, நம் போர்ட் பிளேயர் மேல் விரலை வைத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாய். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பதினோராவது டிகிரியில் கிடக்கிறோம், அந்த ஊர் நாற்பத்தைந்தில் இருக்கிறது என்றாய். பர்மா போய், சீனாவின் பெரிய ஊர்களெல்லாம் போய், இனி ரஷ்யாதான் என்கிற இடத்தில் உன் விரல் நின்றது. அப்பா ரொம்பக் குளிருமாடா என்று கேட்டார். சுபோ நம் வீட்டில் கற்ற தமிழில் சொன்னான், "ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து படிக்கப் போறோம் மாமா." எல்லோரும் சிரித்தோம். நான் சாப்பாட்டைப் பற்றியும் ஹாஸ்டலைப் பற்றியும் கேட்டேன். அந்த ஊர் எப்படிப்பட்டது, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலதியும் கேட்கவில்லை. பெயரைக்கூட அவளால் சரியாகச் சொல்ல முடியாது. யாராவது விசாரித்தால், சீனாவில் ஒரு இடம் என்பாள்.

போனீர்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் திரும்பி வந்தீர்கள். சிக்னல் கிடைக்கும் என்று நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு இருவரும் போனில் வகுப்பு கேட்டீர்கள். மறுபடி அங்கே கூப்பிட்டபோது பள்ளிக்கூடம் திறந்த பிள்ளைகள் மாதிரிக் கிளம்பினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது இந்தப் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன்.

மார்ச் மாதக் கடைசி. காலையில் ஆபீஸில் இருந்தேன். உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூரியத் தீவிலிருந்து திரும்பும்போது, பாலம் சுற்று என்று பனிக்கட்டி மேலேயே நடந்து வந்திருக்கிறீர்கள். கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தும் இறங்கியிருக்கிறீர்கள். நீ உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தாய். சுபோ குப்புறப் படுத்து, தன் மேல்கோட்டைக் கழற்றி வீசி உன்னை இழுத்தான். நீ மேலே வந்தாய். அவன் படுத்திருந்த இடம் உடைந்தது. இதை அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், என் மகன் எங்கே என்று. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஒன்றுமில்லை என்றாள். மற்றவனை இன்னும் தேடுகிறோம், அவன் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் வராது, நீங்கள் சொல்ல முடியுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

ஆட்டோவில் டாலிகஞ்ச் வரும் வழியெல்லாம் நான் அழவில்லை கார்த்தி. என் உள்ளே ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையவன் இருக்கிறான், என்னுடையவன் இருக்கிறான் என்று. அதை நிறுத்த முடியவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் மாலதியின் கடைக்குள் நுழைந்தேன். அவள் ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு, தேடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஆறு உறைந்துதானே இருக்கிறது, உறைந்த தண்ணீரில் ஆள் எப்படி உள்ளே போவான் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நாம் ஐஸைப் பார்த்தது மீன் இறங்கும் படகுத்துறையில்தான், பெரிய கட்டியாக, உடைத்து மீன்மேல் கொட்டுவதற்காக. அதற்கு அடியில் ஓர் ஆறு ஓடும் என்று எங்கள் இருவருக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஏப்ரலில் பனி உடைந்து ஆறு ஓடத் தொடங்கிய பிறகுதான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அங்கேயே எரித்தார்கள். சாம்பல் உங்கள் சீனியர் ஒருவன் கையில் வந்தது. ஏர்போர்ட்டில் மாலதியின் கணவர் நிர்மல் அதை வாங்கிக்கொண்டு, அந்தப் பையனுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். உன்னைத்தான் தேடினார். பெரார்கஞ்சில் அவர்கள் வயலுக்குப் பக்கத்தில் கடலுக்குப் போகும் ஓடையில் கரைத்தார்கள். நானும் அப்பாவும் போயிருந்தோம். எங்களோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு பல மாதம் மாலதி என் பக்கம் வரவில்லை. நான் கடையைத் தாண்டும்போது தலை நிமிராமல் தைப்பாள். வேறு தெரு வழியாகப் போகலாம் என்று அப்பா சொன்னார். நான் அதே வழியாகத்தான் போனேன். அவள் என்னைப் பார்க்க விரும்பினால் நான் அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது. மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு மதியம் அவளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். நம் தீவு இந்தியில்தான், எப்போதும்போல் அக்கா முறை வைத்துப் பேசினாள். "தீதி, அந்த ஊரைப் பத்தி எனக்குச் சொல்லு. பெத்த புள்ளைய எங்க அனுப்பினேன்னே எனக்குத் தெரியல."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் போனை எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்தாள். நான் தேடிப் படித்து இந்தியில் சொல்வேன், அவள் கேட்பாள். எனக்குப் புரியாததை ஆபீஸில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். நீ இத்தனை வருடமாகக் குடியிருக்கும் ஊரைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட எங்களுக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் பெயர். ஹார்பின் என்பது சீனச் சொல்லே இல்லையாம். அந்தப் பக்கத்தில் முன்பு வாழ்ந்த மஞ்சு மக்களின் பேச்சில், மீன் வலை காயப்போடும் இடம் என்று அர்த்தமாம். அன்னப்பறவை என்று சொல்பவர்களும் உண்டு, யாருக்கும் நிச்சயமில்லை. மாலதிக்கு வலைதான் பிடித்தது. ஆற்றங்கரையில் நாலைந்து மீனவர் குடிசை இருந்த இடத்துக்கு ரஷ்யாக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கிழக்குக் கடலில் இருக்கும் தங்கள் துறைமுகத்துக்குக் குறுக்குவழியில் ரயில் போக வேண்டும். தண்டவாளம் ஆற்றைத் தாண்டும் இடத்தில் முகாம் போட்டார்கள். அந்த முகாம்தான் ஊரானது. அதனால்தான் சீன ஊருக்கு நடுவே வெங்காயம் மாதிரிக் குவிந்த கோபுரத்தோடு அந்தச் செங்கல் தேவாலயம் நிற்கிறது. கடைவீதி முழுக்கப் பாவியிருக்கும் கல்லும் அந்தக் காலத்தது. பிறகு அவர்கள் நாட்டில் புரட்சி வந்து, உயிருக்குப் பயந்தவர்கள் ரயிலேறி அங்கே வந்து இறங்கினார்கள். யூதர்கள் வந்தார்கள். திரும்பிப் போக நாடில்லாமல், கையில் செல்லும்படியான காகிதம் இல்லாமல் எத்தனையோ பேர் அங்கே ரொட்டிக்கடை வைத்தும் பியானோ சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார்கள். இதைக் கேட்டபோது மாலதி நிறுத்தச் சொன்னாள். அவள் அப்பாவும் அம்மாவும் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, கப்பலில் ஏற்றப்பட்டு, இந்தத் தீவில் காட்டை வெட்டி வயலாக்கியவர்கள். அப்படியென்றால் அது எங்களைப் போன்றவர்கள் ஊர் என்றாள். அவளுக்கு அந்த ஊர்மேல் வந்த முதல் சொந்தம் அதுதான்.

ஆனால் எல்லா ஞாயிறும் அப்படி இல்லை. முப்பதுகளில் ஜப்பான் ராணுவம் அந்த ஊரைப் பிடித்தது. ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் உயிரோடு இருக்கும் மனிதர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். நோயை ஏற்றிப் பார்த்தார்கள். குளிரில் கையை நீட்டச் சொல்லி உறைய வைத்துப் பார்த்தார்கள். செய்தவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் மிச்சத்தை இன்றும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். நான் படித்துக்கொண்டே வந்து குரலைத் தாழ்த்திவிட்டேன். மாலதி நிமிர்ந்து, அங்கேயும் இவர்கள்தானா என்று கேட்டாள். அதே போரில் நம் தீவையும் பிடித்து, கடற்கரையோரம் அவர்கள் கட்டிவிட்டுப்போன பங்கர்களுக்குள் நீங்கள் இருவரும் ஒளிந்து விளையாடியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் உளவாளி என்று சொல்லி இங்கே எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று பழைய குடும்பங்கள் இன்னும் பேசும். அன்று மாலதி டீயைக் குடிக்காமல் எழுந்துபோனாள். அடுத்த ஞாயிறு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லாதே, எல்லாவற்றையும் சொல் என்றாள்.

ஆற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள். சோங்குவா என்ற அதன் பெயருக்கு அவள் நாக்கு பழகிவிட்டது. கொரிய எல்லை மலையில் பிறந்து, முதலில் வடமேற்கே போய், பிறகு மனம் மாறினாற்போல் திரும்பி வடகிழக்கே ஓடி, ரஷ்ய எல்லையில் கறுப்பு டிராகன் ஆறு என்று பெயருள்ள இன்னொரு பேராற்றில் விழுகிறது. அது கடைசியில் வடக்கே ஒரு குளிர்ந்த கடலில் சேர்கிறது. நான் விரலால் காட்டிக்கொண்டே போனேன். ஆறுதல் சொல்லும் ஆசையில், எல்லாக் கடலும் ஒன்றுதானே மாலதி, அந்தத் தண்ணீர் என்றைக்காவது நம் கரைக்கும் வரும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அப்படியெல்லாம் பேசாத தீதி. அவன் தண்ணில இல்ல. அவன கண்டுபிடிச்சாங்க. என் கையில குடுத்தாங்க." உனக்கும் இதைச் சொல்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் அழகாகப் பேச முயற்சி செய்யாதே. தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திரு.

அன்றுதான் நானும் என் உள்ளே ஓடிய சத்தத்தை அவளிடம் சொன்னேன். ஆட்டோவில் வந்தது, என்னுடையவன் இருக்கிறான் என்று ஓடியது, எல்லாம். அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "எனக்கும் அப்படித்தான் ஓடியிருக்கும். நான் மட்டும் என்ன," என்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

போன வருடம் அவள் பாஸ்போர்ட் எடுத்தாள். நிர்மல் வேண்டாம் என்றார், அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய் என்றார். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றாள். என்னோடு வருகிறாயா என்று என்னிடம் கேட்டாள். நான் உனக்கு எழுதியபோது, அம்மா வருகிறேன் என்று மட்டும் எழுதினேன். மாலதியும் வருகிறாள் என்று சொல்லியிருந்தால் அந்த வாரம் உனக்கு வேறு ஊரில் வேலை வந்திருக்கும். இல்லை என்று சொல், நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை போய், பாங்காக் போய், இன்னோர் இடம் மாறி, ஜனவரியில் அங்கே வந்து இறங்கினோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்துக் கை தூக்கினாய். எனக்குப் பின்னால் அவள் வந்ததைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு நீ ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் கனத்த கோட்டு கொண்டுவந்து போட்டுவிட்டாய், அவளுக்கு பூட்ஸுக்குள் சூட்டுப் பட்டை ஒட்டினாய், மீன் கறி கேட்டுச் சமைத்தாய். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவள் எதிரே இருந்தால் அடுப்பைப் பார்த்தாய், ஜன்னலைப் பார்த்தாய்.

வெளியே வந்து முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் முடி விறைத்ததை என்றும் மறக்க மாட்டேன். மார்க்கெட்டில் மீனைக் கூடையில் விறகு மாதிரி நட்டு வைத்திருந்தார்கள். ஐஸ்கிரீமைப் பெட்டியில்லாமல் தெருவில் அடுக்கி விற்றார்கள். மாலதி எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாள். தேவாலயத்தை அவளே அடையாளம் கண்டுபிடித்தாள். கடைவீதிக் கல்லின் மேல் காலைத் தேய்த்துப் பார்த்தாள். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியபோது உன் முகம் மாறியது, அவளுக்குப் பயமாக இருக்குமோ என்று. அவளுக்கு அது புதிதில்லை. இந்தியாவின் கிழக்குக் கோடியில் இருப்பதால் நமக்கும் ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நம்மூர் மாதிரியே சீக்கிரம் இருட்டுகிறது என்று என்னிடம் சொன்னாள். ஐஸ் மாளிகைகளைப் பார்க்கக் கூட்டிப்போனாய். அந்த ஆற்றிலிருந்து கட்டி கட்டியாக அறுத்துக்கொண்டுவந்து அரண்மனையும் கோபுரமும் கட்டி, உள்ளே நிற நிறமாக விளக்கு வைத்திருந்தார்கள். நீயும் சுபோவும் அதே மாதிரி ஒரு கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படம் அவள் கடையில் ஊசிப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. அவள் ஒரு சுவரருகே போய்ப் பார்த்துவிட்டு, அழகாகத்தான் இருக்கிறது என்று சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆனது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஆற்றுக்குப் போக வேண்டும் என்றாள். கூட்டிவந்தாய். கரைப் படிக்கட்டு வரைக்கும்தான் வந்தாய். ஆறு எங்கே என்று மாலதி கேட்டாள். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மைதானம். அதன் மேல் பிள்ளைகள் சறுக்கினார்கள், நாய் இழுக்கும் வண்டி ஓடியது, தூரத்தில் அந்தப் பழைய ரயில் பாலம். அதுதான் ஆறு என்றேன். அவள் படியிறங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பிடி வேண்டியிருந்தது எனக்குத்தான். அவள் கொஞ்ச தூரம் நடந்து, சறுக்கு வண்டி வாடகைக்கு விடும் ஆளிடம், கீழே காட்டி எவ்வளவு கனம் என்று கையால் கேட்டாள். அவன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். அவள் குனிந்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைப் பனிக்கட்டி மேல் வைத்தாள். நான் இழுத்தும் எடுக்கவில்லை. நான் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன். நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைகளைப் பார்த்தபடி நின்றாய். அந்த முதுகுதான் இந்தப் பல மாதமாக என் கண்ணில் இருக்கிறது.

நாங்கள் மேலேறி வந்ததும் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி அவளிடம் கொடுத்தாய். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டியதில் உன் கோட்டின் மேலெல்லாம் சிந்தியது. சிந்தியது அங்கேயே உறைந்தது. அவள் குடித்துவிட்டு மூடியைத் திருப்பித் தந்தாள். ஊருக்குக் கிளம்பும் நாள் ஏர்போர்ட்டில் நீ அவள் காலைத் தொடக் குனிந்தாய். முழங்கையைப் பிடித்து நிமிர்த்தி அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "பேட்டா, என்ன நடந்ததுன்னு ஒரு தடவ உன் வாயால சொல்லு. போன்ல சொன்னாலும் போதும்." நீ தலையாட்டினாய்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்து போய்விட்டது. அவள் என்னிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்வாள், அவ்வளவுதான். இந்த நேரத்தில்தான் உன் வேலைச் செய்தி வந்தது.

நான் உன்மேல் வழக்குப் போடவில்லை கார்த்தி. ஒன்றை மட்டும் யோசித்துப் பார். நீ ஏன் உயிரோடு இருக்கிறாய் என்று அவள் கேட்பாள் என்று பயப்படுகிறாய். நீயே உன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. அவளுடைய கேள்விகள் எனக்குத் தெரியும், ஞாயிறு தவறாமல் கேட்டிருக்கிறேன். அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டானா? அவள் பின்னி அனுப்பிய நீல ஸ்வெட்டரைப் போட்டிருந்தானா? பனிக்கட்டி மேல் படுத்தபோது என்ன சொன்னான்? பயந்தானா? யாரைக் கூப்பிட்டான்? இதற்குப் பதில் உலகத்தில் ஒருவனிடம்தான் இருக்கிறது. ஒரு ஊரின் ரயிலையும் போரையும் ஆற்றையும் அவள் படித்து முடித்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய அந்தக் கொஞ்ச நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தால், நீ அவளைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். கொடியைப் பார்த்தும் முதலில் இறங்கியது நீயாக இருந்தால் அதையும் சொல். பாதி சொல்லிப் பாதி மறைக்காதே. பிறகு வேண்டுமானால் எங்கே வேண்டுமானாலும் இரு. ஆனால் முதலில் ஒருமுறை ஊருக்கு வா, அவள் எதிரே உட்கார், வா ராசா.

இவ்வளவு எழுதி நிறுத்தியிருந்தேன். கை வலித்தது, மீதியை ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று மடித்து வைத்தேன். இன்று ஞாயிறு. மதியம் மாலதி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, அவளே டீக்குத் தண்ணீர் வைத்தாள். வழக்கமாக அப்படிச் செய்ய மாட்டாள். அப்பாவும் அங்கேதான் நின்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், கார்த்தி போன் பண்ணினான் என்று. வியாழக்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வந்ததாம். கதவைப் பாதி சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டாளாம். ரொம்ப நேரம் பேசினானாம், நடுவில் பேச முடியாமல் இருந்தானாம், அவள் காத்திருந்தாளாம்.

என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அத உன்கிட்ட சொல்ல மாட்டேன் தீதி," என்றாள். "அது எனக்குச் சொன்னது."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மாலதி டீயை வடிகட்டினாள். ஊருக்கு வரச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றாள். அந்த ஊரில் இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசையாக இருந்தால் இரு, எனக்குப் பயந்துகொண்டு மட்டும் அங்கே இருக்காதே என்று உன்னிடம் சொன்னாளாம்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? முதலில் பொறாமை. இத்தனை வருடமாக உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாதவன், கதவு பாதி சாத்திய ஒரு தையல்கடையில் இருக்கும் இன்னொருத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். டீ ஆறும்வரை எனக்கு அது வலித்தது. பிறகு அவளைப் பார்த்தேன். அவள் போனை வெளியே எடுக்கவில்லை. ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். பிரிட்டானியா பிஸ்கட் ஒன்றை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்து எவ்வளவு காலமாகிறது.

மேலே எழுதியதில், வா என்று சொன்ன இடத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அது அன்றைக்கு எனக்கிருந்த மனசு, நீ தெரிந்துகொள். இன்றைக்கு வற்புறுத்தவில்லை. நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று நானும் இனி ஒருநாளும் கேட்க மாட்டேன், அப்பாவையும் கேட்க விடமாட்டேன்.

அம்மா